கிழமை பார்த்துச் சாப்பிடுங்கள்: பார்படாஸ் கடலோரக் கடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கரீபியன் தீவு நாடான பார்படாஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கடை நல்ல கடை என்று முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நாட்காட்டி. இந்தத் தீவில் எது கிடைக்கும், எது நன்றாக இருக்கும் என்பதைக் கிழமையும் மீன் பருவமும்தான் முடிவு செய்கின்றன. மெனு அட்டை அதற்கு அப்புறம்தான். தப்பான கிழமையில் பேர்பெற்ற கடைக்குப் போனால் சுமாராகச் சாப்பிடுவீர்கள். சரியான கிழமையில் பெயர்ப்பலகை இல்லாத கடைக்குப் போனாலும் நன்றாகச் சாப்பிடுவீர்கள்.

தீவு சின்னது. நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23. அதனால் கிழமைக்குத் தகுந்தபடி இடம் மாறுவது கஷ்டமே இல்லை.

முதலில் கிழமையை முடிவு செய்யுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு ஆய்ஸ்டின்ஸ். தென்கரையில் கிறைஸ்ட் சர்ச் வட்டாரத்தில் இருக்கும் மீனவ ஊர் இது. மீன் சந்தையை ஒட்டியே வரிசையாகக் கடைகள், நீள மேசைகள், ஒரு மேடை, பாட்டு. இதை ‘ஃபிஷ் ஃப்ரை’ என்பார்கள். சுற்றுலாப் பயணிகள் கூட்டம் அதிகம் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். உண்மைதான், ஆனால் உள்ளூர்க்காரர்களும் அதே அளவுக்கு வருகிறார்கள். இன்னொரு பக்கம் பழைய பாட்டுகளுக்கு வயதானவர்கள் ஜோடியாக பால்ரூம் நடனம் ஆடிக்கொண்டிருப்பார்கள். மேடையில் நடப்பதைவிட அது நன்றாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை கூ-கூவுக்கும் உரிய நாள். மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும் சேர்த்துக் கிண்டுவது அது. பறக்கும் மீனோடு சேர்ந்தால் அதுதான் நாட்டின் தேசிய உணவு. மதியமே ரம் கடைகளிலும் சிறு சாப்பாட்டுக் கடைகளிலும் வந்துவிடும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

சனிக்கிழமை ‘புட்டிங் அண்ட் சௌஸ்’. பன்றியின் கால், காது, தலைப்பகுதி இறைச்சியை வேகவைத்து, ஆறவிட்டு, எலுமிச்சைச் சாறு, வெள்ளரி, வெங்காயம், மிளகாய், பார்ஸ்லி போட்டு ஊறவைத்தது சௌஸ். குளிர்ச்சியாகத்தான் பரிமாறுவார்கள். புட்டிங் என்பது மசாலா சேர்த்து ஆவியில் வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பழைய முறையில் பன்றிக்குடலுக்குள் அடைத்து வேகவைப்பார்கள். இப்போது பல இடங்களில் குடல் இல்லாமலே செய்கிறார்கள். புளிப்பும் இனிப்பும் ஒரே தட்டில். கால், காது வேண்டாம் என்றால் வெறும் சதையாகக் கேட்டால் தருவார்கள். மதியத்துக்குள் போய்விடுங்கள்.

ஞாயிறு என்றால் சோறும் துவரையும், மக்ரோனி பை, அடுப்பில் சுட்ட கோழி. இது வீட்டுச் சாப்பாடு, கடையில் தேடி அலைய வேண்டியதில்லை.

வியாழக்கிழமை மதியம் கையில் நேரம் இருந்தால் கிழக்குக் கரையில் செயின்ட் ஜான் வட்டாரத்து மார்ட்டின்ஸ் பே. அட்லாண்டிக் அலை பாறையில் மோதும் பக்கம் அது. குளிக்க ஏற்ற கடல் கிடையாது, ஆனால் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். ஆய்ஸ்டின்ஸின் கூட்டமும் சத்தமும் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது இந்த இடம்தான்.

போய்ச் சேருவது

தலைநகர் பிரிட்ஜ்டவுனிலிருந்து ஆய்ஸ்டின்ஸுக்குப் பேருந்து வசதி நன்றாகவே இருக்கிறது. நீல வண்டி அரசுப் பேருந்து, மஞ்சள் வண்டி தனியார் மினிபஸ், வெள்ளை வேன் ‘ஸெட்-ஆர்’. மூன்றுக்கும் கட்டணம் ஒன்றுதான்: 3.50 பார்படாஸ் டாலர், எங்கே ஏறி எங்கே இறங்கினாலும். அரசுப் பேருந்தில் மீதி தர மாட்டார்கள், சரியான சில்லறை வைத்திருங்கள். 11 என்று எண் போட்ட வெள்ளை வேன் தென்கரையோரமாகவே போகும். பாட்டு காதைப் பிளக்கும், நெருக்கி உட்கார வைப்பார்கள், ஆனால் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நிறுத்தத்தில் ‘டு சிட்டி’, ‘அவுட் ஆஃப் சிட்டி’ என்று இரண்டு விதப் பலகை இருக்கும். சிட்டி என்றால் பிரிட்ஜ்டவுன். இது தெரிந்தால் போதும், எந்தப் பக்கம் நிற்பது என்ற குழப்பம் வராது.

வெள்ளி இரவு 8 மணிக்கு மேல் வரிசை நீளும். பசியோடு போகிறவர்கள் 6 மணிக்கே போய்விடுவது நல்லது. வருடம் முழுக்க ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் இருட்டிவிடும். கொஞ்சம் முன்னதாகவே போனால் பக்கத்தில் இருக்கும் பெரிண்டா காக்ஸ் மீன் சந்தையையும் பார்க்கலாம். அன்றைக்கு என்ன மீன் வந்திருக்கிறது என்பதை அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், ஆர்டர் செய்வது பாதி முடிந்த மாதிரி.

உடை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ராணுவ உருமறைப்பு (கமஃப்ளாஜ்) வடிவம் போட்ட சட்டை, தொப்பி, பை எதுவும் வேண்டாம். பொதுமக்கள் அதை அணிவது பார்படாஸில் சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை. அப்புறம், கடற்கரைக் கடைதானே என்று நீச்சல் உடையிலேயே உள்ளே போகாதீர்கள், மேலே ஒரு சட்டையாவது போட்டுக்கொள்ளுங்கள். மணலில் நிழல் தேடும்போது மேஞ்சினீல் மரத்தை அடையாளம் தெரிந்து வைத்திருங்கள். சிறிய பச்சை ஆப்பிள் போலக் காய்க்கும், பல இடங்களில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். பால், பழம், இலையில் வடியும் மழைநீர், எது பட்டாலும் தோல் கொப்பளிக்கும். பழத்தை வாயில் வைக்கவே கூடாது.

நுழைந்ததும் வணக்கம் சொல்லுங்கள்

இதைத் தனிப் படியாகவே சொல்கிறேன், அவ்வளவு முக்கியம். நேராகக் கல்லாவுக்குப் போய் ‘ஒரு பீர்’ என்பது அங்கே மரியாதைக் குறைவு. உள்ளே இருக்கிற எல்லோருக்கும் பொதுவாகக் ‘குட் ஆஃப்டர்நூன்’ சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். இருட்டிய பிறகு வரும்போதே ‘குட் நைட்’ என்பார்கள், அது விடைபெறுவது இல்லை. நீங்களும் அப்படியே சொல்லுங்கள். மினிபஸ்ஸில் ஏறும்போதும் இதே பழக்கம்தான். வணக்கம் சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் கிடைக்கும் கவனிப்பில் வித்தியாசம் தெரியும்.

ஆய்ஸ்டின்ஸில் எந்தக் கடையைத் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொரு கடைக்கும் தனி மேசைகள் உண்டு. சிலர் அட்டையை நீட்டி அழைப்பார்கள். நான் பார்ப்பது கரி அடுப்பைத்தான். மீன் துண்டுகள் அடுக்கி வைத்துக் காய்ந்துகொண்டிருந்தால் நகர்ந்துவிடலாம். வைத்ததும் எடுத்ததுமாக அடுப்பு சுறுசுறுப்பாக இருந்தால் அங்கே உட்காரலாம். மிக நீளமான வரிசை நிற்கும் கடை மற்றதைவிட இரண்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல சமயம் யாரோ எழுதியதைப் படித்துவிட்டு வந்த கூட்டம் அது.

மீன்: எதை, எப்படிக் கேட்பது

பறக்கும் மீன் நமக்குப் புதியது கிடையாது. நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்தில் பறவைக்கோலா என்று சொல்வதும் இதே குடும்பத்து மீன்தான். முட்டையிடுவதற்கு மிதக்கும் பொருட்களைத் தேடி வரும் மீன் இது. அதனால் நம் சோழமண்டலக் கரை மீனவர்கள் இலைதழைக் கட்டுகளை மிதக்கவிட்டுப் பிடித்தார்கள். பார்படாஸ் மீனவர்கள் கரும்புச் சோகைக் கட்டுகளை மிதக்கவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டு கரையும் ஒரே உத்தியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

அங்கே இதன் பருவம் ஏறத்தாழ டிசம்பர் முதல் ஜூன் வரை. 1 டாலர் நாணயத்திலேயே இந்த மீன்தான் இருக்கிறது. இதற்காக அண்டை நாட்டோடு வழக்கும் நடந்திருக்கிறது. டொபேகோ பக்கக் கடலில் மீன் பிடித்த பார்படாஸ் மீனவர்களை 2004இல் டிரினிடாட் பிடித்துவைத்தது. விஷயம் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய் 2006 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கடல் எல்லை வகுக்கப்பட்டது. அந்தப் பக்கம் போய் மீன் பிடிக்கும் உரிமை பார்படாஸுக்குக் கிடைக்கவில்லை. 2011 முதல் கூட்டம் கூட்டமாக மிதந்து வரும் சார்கஸம் பாசியால் மீன்வரத்து பாதிக்கப்பட்டது. 2024 ஜூலையில் பெரில் புயல் படகுகளை நொறுக்கிப் போட்டது. அதனால் ‘பறக்கும் மீன்களின் நாடு’ என்று சொல்லிக்கொள்ளும் ஊரிலும் தட்டில் வருவது உறைபனியில் வைத்த மீனாக இருக்கலாம். ‘இன்றைக்கு வந்ததா?’ என்று கேளுங்கள். கேட்பதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இல்லை என்றால் வேறு மீனுக்கு மாறிவிடுங்கள்.

முள் நிறைய உள்ள மீன் என்பதால் சந்தையிலேயே முள் எடுத்து விரித்துத்தான் விற்பார்கள். பெண்கள் கத்தியை ஓட்டும் வேகத்தை நின்று பார்க்கலாம். சமைக்க இரண்டு வழி. மாவும் ரொட்டித்தூளும் புரட்டிப் பொரிப்பது ஒன்று. சுருட்டி, தக்காளி, வெங்காயம், தைம், எலுமிச்சை போட்ட குழம்பில் வேகவைப்பது இன்னொன்று, இதை ‘ஸ்டீம்ட்’ என்பார்கள். கூ-கூவோடு சேர்வது இரண்டாவதுதான். பொரித்ததை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடலாம்.

மற்ற மீன்களில் பலகையில் ‘டால்பின்’ என்று எழுதியிருந்தால் அதிர வேண்டாம். அது மாஹி-மாஹி என்ற மீன், கடல் பாலூட்டி இல்லை. வெள்ளைச் சதை, அடர்த்தி, கரியில் சுட்டால் அருமை. எதை எடுப்பது என்று தெரியாதவர்கள் இதையே எடுக்கலாம். மார்லினும் வாள்மீனும் கெட்டியான துண்டுகளாக வரும். ஒரு நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தால் வறண்டுவிடும், பூண்டு வெண்ணெய் சாஸ் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இந்தப் பெரிய மீன்களில் பாதரசம் அதிகம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. கிங்ஃபிஷ் நம் வஞ்சிரத்தின் உறவு. சூரை கிடைக்கும். முழு மீனாகப் பொரித்த சங்கரா கிடைத்தால், முள்ளோடு சாப்பிடத் தெரிந்த நமக்கு அதுதான் சொர்க்கம். வெள்ளைக்காரர்கள் தயங்கித் தள்ளிவிடுவது அது.

எந்த மீனானாலும் சதையைக் கீறி உள்ளே ஒரு பச்சை மசாலாவைத் திணிப்பார்கள். வெங்காயத்தாள், தைம், மார்ஜோரம், பூண்டு, எலுமிச்சை, ஸ்காட்ச் பான்னெட் மிளகாய் சேர்த்து அரைத்தது. பேஜன், அதாவது பார்படாஸ், சமையலின் அடையாளமே இந்த மசாலாதான். மல்லி, சீரகம் எதிர்பார்க்கும் நாக்குக்கு முதல் வாய் கொஞ்சம் வெறுமையாகத் தோன்றும். இரண்டாவது வாயில் பச்சிலை மணம் பிடிபட்டுவிடும்.

சில வாரங்கள் மட்டும் ‘ஸீ எக்’ கிடைக்கும், வெள்ளைக் கடல் முள்ளெலி என்ற முள்ளுடம்புக் கடல் உயிரினத்தின் முட்டைப்பகுதி. அரசு அனுமதிக்கும் காலத்தில்தான் பிடிக்கலாம். மற்ற நேரத்தில் யாராவது ரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள்.

கூட வருவது

சுட்ட மீன் தட்டு சுமார் 30 முதல் 50 பார்படாஸ் டாலர் வரை இருக்கும், இறால் வகைகளும் லாப்ஸ்டரும் அதற்கு மேலே. ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். இரண்டு துணை உணவு தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். மக்ரோனி பையைக் கட்டாயம் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டி, கொஞ்சம் கடுகு, வெங்காயம் சேர்த்து வேகவைத்துத் துண்டு போட்டது. இன்னொன்றாக வறுத்த நேந்திரன் வகை வாழைப்பழம் அல்லது சீமைப்பலா. ஈழத்தில் ஈரப்பலா என்பார்களே, அதேதான். பசிபிக்கிலிருந்து 1793இல் கரீபியனுக்குக் கப்பலில் வந்த மரம். உருளைக்கிழங்கு வறுவலுக்கு இடத்தை வீணாக்க வேண்டாம்.

கூ-கூ கிடைத்தால் மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். நம் களி மாதிரிதான்: தட்டையான மரத்துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும், கட்டி தட்டினால் சமைத்தவரின் மானம் போய்விடும். வெண்டைக்காய் வேகவைத்த வழவழப்பான தண்ணீரில்தான் மாவைக் கிண்டுகிறார்கள், அதனால் தொண்டையில் சிக்காமல் இறங்கும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சமையல் இது. நடுவில் குழி செய்து மீன் குழம்பை ஊற்றித்தான் தருவார்கள். தனியாக ஊற்றித் தரச் சொல்லாதீர்கள், ஆறினால் இறுகிவிடும்.

மேசையில் இருக்கும் மஞ்சள் நிறக் குப்பி கடுகு சாஸ் இல்லை. ஸ்காட்ச் பான்னெட் மிளகாயை கடுகு, மஞ்சள், வினிகரோடு அரைத்தது. ‘நாங்க பார்க்காத காரமா?’ என்று தமிழர்கள் தடுமாறும் இடம் இதுதான். இந்த மிளகாயின் காரம் 1,00,000 முதல் 3,50,000 ஸ்கோவில் வரை போகும், நம் குண்டு மிளகாய் அதன் பக்கத்தில் நிற்காது. தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, மீன் துண்டின் நுனியால் தொட்டுப் பாருங்கள். மணமும் பழம் போன்ற சுவையும் உண்டு, அளவாகப் போட்டால்தான் அது தெரியும்.

ரம் கடையில் உட்காருவது

ஆய்ஸ்டின்ஸ் ஒரு ராத்திரித் திருவிழா. அன்றாட வாழ்க்கை ரம் கடையில்தான் நடக்கிறது. பீர் நிறுவனத்தின் வண்ணமோ ரம் நிறுவனத்தின் வண்ணமோ அடித்த சிறு மரக்கட்டடம், பாதி மளிகைக் கடை, பாதி சாராயக் கடை, வெளியே டொமினோ மேசை. மேற்குக் கரையில் வெஸ்டனில் இருக்கும் ஜான் மூர் பார் கடலைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்ற இடம். கல்லாவில் பல இடங்களில் பெண்கள்தான். கடை அவர்கள் ராஜ்ஜியம், சத்தம் போடுகிற ஆளை ஒரு பார்வையில் அடக்கிவிடுவார்கள்.

ரம்மைப் பெக் கணக்கில் கேட்பதைவிடச் சிறு பாட்டிலாக வாங்குவதே வழக்கம். பாட்டில், ஒரு கிண்ணம் ஐஸ், குவளைகள், கலக்க இளநீரோ கோலாவோ வரும். மேசையில் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். ரம் பிறந்த தீவுகளில் ஒன்று என்பதால் பெருமை உண்டு. மவுண்ட் கே நிறுவனத்தின் பழைய பத்திரம் 1703ஆம் ஆண்டினது. ரம் பஞ்ச் கேட்டால் கணக்கு இது: புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு இரண்டு, ரம் மூன்று, தண்ணீரோ சாறோ நான்கு, மேலே ஜாதிக்காய்த் தூள். பழச்சாறு மாதிரி இறங்கும், எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். குடிக்காதவர்கள் மாபி கேட்டுப் பாருங்கள். ஒரு மரப்பட்டையை மசாலாவோடு கொதிக்கவைத்து இனிப்பு சேர்த்தது, முடிவில் கசக்கும். கஷாயம் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பிடித்துப்போகும். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், சுண்ணாம்புப் பாறை வடிகட்டிய நிலத்தடி நீர் அது.

சாப்பிட: ‘கட்டர்’ என்றால் சால்ட் பிரெட் என்ற உருண்டை ரொட்டிக்குள் ஹாம், சீஸ் அல்லது மீன். ‘பிரெட் அண்ட் டூ’ என்றால் அதற்குள் இரண்டு ஃபிஷ் கேக். உப்புக்கண்டம் போட்ட காட் மீனை மாவில் பிசைந்து பொரித்தது ஃபிஷ் கேக். கடல் சூழ்ந்த தீவில் ஏன் வட அட்லாண்டிக் உப்புமீன்? கரும்புத் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு மலிவான உணவாக வடக்கிலிருந்து இறக்குமதி செய்தது அது. ரம்மும் வெல்லப்பாகும் அந்தப் பக்கம் போயின. முந்நூறு ஆண்டுப் பழக்கம் இப்போது மாலைச் சிற்றுண்டி.

பேச்சு எப்படித் தொடங்குவது என்று கவலை வேண்டாம், கிரிக்கெட் இருக்கிறது. சோபர்ஸ், மார்ஷல், கார்னர், கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ் என்று எல்லோரும் இந்தச் சின்னத் தீவுக்காரர்கள்தான். 2024 ஜூன் 29 அன்று பார்படாஸின் கென்சிங்டன் ஓவலில் இந்தியா டி20 உலகக்கோப்பை வென்றதை நீங்கள் எடுக்காவிட்டாலும் அவர்கள் எடுப்பார்கள். டொமினோ ஆட்டத்தில் மட்டும் நடுவில் பேசாதீர்கள். கட்டையை மேசையில் ஓங்கி அடிப்பது சண்டை இல்லை, ஆட்டமே அப்படித்தான். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள்

சிரமம்தான், ஆனால் பட்டினி கிடக்க வேண்டாம். துவரைச் சோற்றில் பல சமயம் உப்புப்போட்ட பன்றிவால் சேர்ப்பார்கள், பார்த்தால் தெரியாது. ‘பன்றி போட்டீர்களா?’ என்று கேட்டாக வேண்டும். கூ-கூவிலும் இதே சந்தேகம் உண்டு, குழம்பு மீன்குழம்பாக இருக்கும். மக்ரோனி பை, வறுத்த வாழைப்பழம், சீமைப்பலா, சாலட் பாதுகாப்பானவை. முட்டையும் தவிர்ப்பவர்கள் மக்ரோனி பையில் முட்டை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ராஸ்தாஃபாரி சமயத்தார் நடத்தும் ‘ஐட்டல்’ சாப்பாட்டுக் கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள், இறைச்சி இல்லை, பல இடங்களில் உப்பும் குறைவு, தேங்காய்ப் பாலில் பயறும் கிழங்கும் கிடைக்கும். பன்றி மட்டும் வேண்டாம் என்பவர்கள் சனிக்கிழமையில் மீன் கட்டரோடு நின்றுவிடலாம்.

காசும் திரும்பும் வழியும்

2 பார்படாஸ் டாலர் 1 அமெரிக்க டாலர், 1975 முதல் மாறாத கணக்கு. அமெரிக்க நோட்டையும் வாங்கிக்கொள்வார்கள், மீதி உள்ளூர்ப் பணத்தில் வரும். விலை எந்த டாலரில் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே குறி என்பதால் தெரியாமல் இரண்டு மடங்கு கொடுத்துவிடலாம். சிறு கடைகளில் ரொக்கம்தான் நல்லது, சிறிய நோட்டுகளாக வைத்திருங்கள். பெரிய உணவகங்களில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்தே பில் போடுவது உண்டு, பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

டாக்ஸியில் மீட்டர் கிடையாது. ஏறும் முன் தொகையைப் பேசி, அது மொத்தத் தொகையா, தலைக்கு எவ்வளவா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளி இரவு ஆய்ஸ்டின்ஸிலிருந்து 10 மணிக்கு மேல் கிளம்புகிறவர்கள் வரும்போதே திரும்பும் வண்டியையும் பேசி வைத்தால் நிம்மதி. அந்த மிளகாய் சாஸ் பிடித்துப்போனால் கடற்கரையில் வாங்காமல் சூப்பர்மார்க்கெட்டில் மூடி முத்திரை உள்ள குப்பியாக வாங்குங்கள். விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில் துணிக்கு நடுவே இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி வையுங்கள்.